"ஸ்டேஜ் 3 கிளட்ச்" என்று சொல்லி என் லாராவில் மாட்டியது என்ன

பவர் ஏற்றிய வண்டிக்கு கிளட்ச் மாற்றப் போகிறவர்கள் கையிலிருந்து பணம் போவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 1,10,000 ரூபாயும் நாலு மாதமும் போய்விட்டது. கடையின் பெயரைக் கேட்டு யாரும் எழுத வேண்டாம், வழக்கு நடக்கிறது.

வண்டி 2011 ஸ்கோடா லாரா 1.8 டிஎஸ்ஐ, மேனுவல். கம்பெனியிலிருந்து வந்தபோது 160 குதிரைத்திறன், 250 என்எம் (முறுக்குவிசையின் அளவு). பெரிய டர்போ, டவுன்பைப் (டர்போவிலிருந்து புகை வெளியேறும் குழாய்), ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரை மாற்றி எழுதுவது) எல்லாம் முடிந்து பவர் அளக்கும் டைனோவில் ஏற்றியபோது இன்ஜின் கணக்கில் 285 குதிரைத்திறன், 405 என்எம் காட்டியது. இதே வண்டியில்தான் அம்மாவை மாதம் ஒருமுறை கண் டாக்டரிடம் கூட்டிப் போகிறேன், தினமும் கோவை திருச்சி ரோடு டிராஃபிக்கில் வேலைக்கும் போய் வருகிறேன். இதைக் கடைக்காரரிடம் முதல் நாளே சொன்னேன்.

பழைய கிளட்ச் ஸ்லிப் ஆக ஆரம்பித்திருந்தது. ஐந்தாவது கியரில் 2,500 ஆர்பிஎம்மில் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்தால் ஆர்பிஎம் முள் மட்டும் விருட்டென்று ஏறும், வேகம் ஏறாது. 250 என்எம் இன்ஜினுக்குச் செய்த கிளட்ச், அதன் மேல் குறை சொல்ல முடியாது.

கடைக்காரர் கேட்ட ஒரே கேள்வி, "எத்தனை எச்பிங்ண்ணா?" சொன்னேன். "ஸ்டேஜ் த்ரீ போட்டுக்கலாங்ண்ணா, ஐந்நூறு எச்பி தாங்கும்." எத்தனை என்எம் தாங்கும் என்று கேட்டேன். மறுபடியும் ஐந்நூறு எச்பி என்றார். அங்கேயே எழுந்து வந்திருக்க வேண்டும்.

கிளட்சுக்கு எச்பி தெரியாது. அதன் மேல் வந்து விழுவது டார்க், முறுக்குவிசை. டர்போ வண்டியில் அது குறைந்த ஆர்பிஎம்மிலேயே மொத்தமாக வந்து இறங்கும். அதைப் பிடித்து நிறுத்துவது நாலு விஷயம்: பிரஷர் பிளேட் (கிளட்ச் டிஸ்கை, இன்ஜினோடு சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலின் மேல் அழுத்தும் தட்டு) எவ்வளவு அழுத்துகிறது, டிஸ்கின் மேலுள்ள பொருள் எவ்வளவு பிடிக்கிறது, அந்தப் பிடி மையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, உரசும் முகங்கள் எத்தனை. ஒரு டிஸ்க் என்றால் இரண்டு முகம், இரண்டு டிஸ்க் போட்டால் நாலு. இந்த நாலையும் பெருக்கினால் வருவதுதான் அந்த கிளட்ச் தாங்கும் என்எம். "ஸ்டேஜ் 3" என்பதற்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு கம்பெனியின் ஸ்டேஜ் 2 இன்னொரு கம்பெனியின் ஸ்டேஜ் 3-ஐ விட அதிகம் தாங்கலாம். ஒட்டுகிற ஸ்டிக்கர் அது, அவ்வளவுதான்.

வண்டி திரும்பி வந்த அன்றே தெரிந்துவிட்டது. வீட்டு வாசல் சரிவில் ரிவர்ஸ் எடுத்தால் முழு வண்டியும் தடதடவென்று குதிக்கும். ஹாஃப் கிளட்ச் என்ற ஒன்றே இல்லை, பிடித்தால் முழுசாகப் பிடிக்கும், இல்லாவிட்டால் ஆஃப். நியூட்ரலில் நின்றால் கியர்பாக்ஸுக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற சத்தம். போன் செய்தால், "எண்ணூறு கிலோமீட்டர் ஓட்டுங்ண்ணா, செட் ஆயிடும்." ஆர்கானிக் டிஸ்குக்கு, அதாவது சாதாரண சாலை வண்டிகளில் வரும் வகைக்கு, அப்படிப் பழக்கும் ஓட்டம் உண்மையிலேயே தேவை, அதனால் நம்பினேன். 800 முடிந்தது, 1,500-ம் முடிந்தது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்தே ஏறினேன், பாதி வழியில் கருகல் வாடை. பின் சீட்டில் அம்மா துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "வண்டி எரியுதா சாமி?" என்று கேட்டார்கள். ஓரமாக நிறுத்தி முக்கால் மணி நேரம் காத்திருந்தோம்.

மூன்றாவது மாதம் பழையபடி ஸ்லிப். 500 எச்பி தாங்கும் என்ற கிளட்ச் 285-க்கே விட்டுவிட்டது. சிங்காநல்லூர் பக்கம் வேறொரு மெக்கானிக்கிடம் கியர்பாக்ஸை இறக்கினோம். இந்த முறை நான் பக்கத்திலேயே நின்றேன்.

உள்ளே இருந்த டிஸ்க் ஆறு செராமிக் துண்டு ஒட்டியது, 'சிக்ஸ் பக்' என்பார்கள். டிராக்கில் ஓடுகிற வண்டிக்கானது. அதன் நடுவில் ஸ்பிரிங்கே இல்லை. லாராவில் கம்பெனி கொடுப்பது டூயல் மாஸ் ஃப்ளைவீல், இன்ஜினின் அதிர்வை வாங்கிக்கொள்ளும் ஸ்பிரிங் அதற்குள் இருக்கும். அதைக் கழற்றிவிட்டு ஒற்றை ஃப்ளைவீல் போட்டால் அந்த வேலையை டிஸ்கின் நடுவிலுள்ள ஸ்பிரிங்காவது செய்ய வேண்டும். இங்கே இரண்டுமே இல்லை. ஒவ்வொரு அதிர்வும் நேராகக் கியர் பற்களில் போய் அடித்திருக்கிறது. அந்தக் கூழாங்கல் சத்தம் அதுதான்.

அதைவிட மோசம் பிரஷர் பிளேட். சிவப்புப் பெயின்டைச் சுரண்டினால் கீழே கம்பெனி பார்ட் நம்பர். என் வண்டியில் இருந்த பழைய பிளேட்டையே மணல் அடித்துப் பெயின்ட் பூசித் திருப்பி மாட்டியிருக்கிறார்கள்! அழுத்தம் ஒரு கிலோகூட ஏறவில்லை. ஃப்ளைவீல் முகம் முழுக்க சூட்டில் நீலம் பூத்த திட்டுகள், மயிரிழை விரிசல்கள். ஃப்ளைவீல் போல்ட்டுகளும் பழையவை. இந்த இன்ஜினில் அவை முறுக்கும்போது நீளும் வகை, 60 என்எம் முறுக்கி அதற்கு மேல் 90 டிகிரி திருப்ப வேண்டும், ஒருமுறை கழற்றினால் புதுசுதான் போட வேண்டும். 5,000 ஆர்பிஎம்மில் ஃப்ளைவீல் கழன்றால் அது நம் காலருகில்தான் வெடிக்கும். பணம் போனதை விட எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான், அம்மாவை உட்கார வைத்து ஓட்டியிருக்கிறேன்.

இப்போது போட்டிருப்பது டூயல் மாஸ் ஃப்ளைவீலோடு சேர்ந்து ஓடும் ஆர்கானிக் டிஸ்க், அழுத்தம் கூடிய புது பிரஷர் பிளேட். தயாரித்த கம்பெனியின் தாளில் என்எம் கணக்கு அச்சாகியிருக்கிறது, என் 405-க்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு. பெடல் சற்றுக் கனம், அவ்வளவே. தேவைக்கு மிஞ்சிய அழுத்தத்தைக் கேட்டு வாங்காதீர்கள், பெடலை மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கும், இன்ஜினின் கிராங்க் தண்டை முன்பின் நகராமல் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்கும்தான் அடி வாங்கும். சாலையில் ஓடும் வண்டிக்கு இன்னும் அதிக என்எம் வேண்டுமென்றால் செராமிக்கை விட இரண்டு டிஸ்க் ஆர்கானிக் நல்லது என்பது என் கருத்து, விலைதான் கூடுதல். எதுவானாலும் பெட்டியை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள், பார்ட் நம்பரைப் படம் எடுங்கள், கழற்றிய பழைய சாமானைக் கையோடு வாங்கி வாருங்கள். நான் வாங்காமல் வந்ததால்தான் அது பெயின்ட் பூசிக்கொண்டு திரும்பியது.

கடையில் கேட்டதற்கு, "ரேஸ் கிளட்சுக்கு வாரன்டி இல்லீங்ண்ணா" என்றார்கள். பில் கேட்டேன், தரவில்லை. பில் தராமல் இருப்பதையே முறையற்ற வணிகமாக 2019 நுகர்வோர் சட்டம் சொல்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் பதிந்தேன், பலனில்லை, இணையத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு போட்டேன். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. ஜிபே ரசீதும், "ஸ்டேஜ் 3 ரெடி" என்ற வாட்ஸ்அப் செய்தியும் இருந்ததால் மனு எடுத்துக்கொள்ளப்பட்டது. பாதி பெயின்ட் சுரண்டிய அந்தப் பிளேட் சாக்குப்பையில் கட்டி டிக்கியில் கிடக்கிறது. அடுத்த வாய்தாவுக்கு அதைத் தூக்கிக்கொண்டு போகிறேன்.