பீகிளின் அலமாரியா, லூயிஸின் மூட்டையா?

எங்கள் நூலக வாசகர் வட்டத்தில் அரை மணி நேரம் பேசச் சொன்னார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஆய்வுப் பயணம் போனவர்கள் எடுத்துப்போன புத்தகங்களும் வரைபடங்களும்தான் பொருள். இரண்டு கதைகளுக்கும் நேரம் போதாது. அமெரிக்காவைக் குறுக்கே கடந்த மெரிவெதர் லூயிஸா, டார்வின் போன பீகிள் கப்பலா? நான் பீகிளைத்தான் எடுத்தேன்.

எண்ணிக்கையில் போட்டியே கிடையாது. கப்பலில் 400 புத்தகங்களுக்கு மேல். காட்டு வழியில் சுமந்து போகிறவருக்கு அது கட்டுப்படியாகாது, சரி.

லூயிஸ் 1803 ஜூனில் பிலடெல்பியா தாவரவியலாளர் பார்ட்டனிடம் லூசியானா வரலாற்று நூல் ஒன்றை இரவல் வாங்கினார். பசிபிக் கடல் வரை கொண்டுபோய், 1807இல் அந்த விவரத்தை அதிலேயே எழுதித் திருப்பிக் கொடுத்தார். இரவல் புத்தகம் திரும்பி வந்ததற்காகவே அவரைப் பிடிக்கும்! காலை வாரியது வரைபடம்தான். ராக்கி மலையை ஒரே தொடராக நினைத்திருந்தார்கள். 1805 ஆகஸ்ட் 12 அன்று லெம்ஹி கணவாயில் ஏறி மேற்கே பார்த்தால், பனி படிந்த மலைகள் இன்னும் வரிசையாக நிற்கின்றன. திருத்திய வரைபடம் வேண்டுமென்று அங்கிருந்து யாருக்கு எழுதுவது?

எனக்கு முடிவைத் தந்தது இதுதான்: கையில் இருப்பது போதாமல் போனால், வழியிலேயே அடுத்தது வந்து சேருமா?

பீகிளுக்கு வந்தது. கப்பலின் பின்பக்கச் சிற்றறையைச் சுற்றிப் புத்தகங்கள், நடுவில் வரைபட மேஜை, அதற்கு மேலே டார்வினின் தொங்குபடுக்கை. கால் நீட்ட இடமில்லாமல் ஓர் இழுப்பறையைக் கழற்ற வேண்டியிருந்தது. நிலவியலாளர் லையல் எழுதிய நூலின் முதல் பாகத்தை கேப்டன் ஃபிட்ஸ்ராய் கொடுத்திருந்தார். 1831 டிசம்பர் 27இல் கப்பல் கிளம்பியது. இரண்டாம் பாகம் வெளிவந்ததே அதற்குப் பிறகுதான். அது கடல் தாண்டிப் போய் 1832 நவம்பரில் தென் அமெரிக்காவின் மான்டிவிடியோவில் டார்வின் கைக்குக் கிடைத்தது. ஊரையும் மாதத்தையும் உள்ளே குறித்து வைத்தார். 1835 பிப்ரவரி 20இல் சிலியில் பெரிய நிலநடுக்கம். அதன்பின் கரையோரப் பாறைகள் உயர்ந்து, அவற்றில் ஒட்டியிருந்த சிப்பிகள் நீர்மட்டத்துக்கு மேலே அழுகிக் கிடந்தன. நிலம் சிறுகச் சிறுக எழும்புகிறது என்று லையல் சொன்னதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்!

லூயிஸ் கொண்டுபோன புத்தகம் எதையும் நான் முழுதாகப் படித்ததில்லை. லையலையும் முதல் பாகத்தோடு நிறுத்திவிட்டேன். ஆகவே என் தீர்ப்பில் கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கலாம்.

பேசி முடித்ததும் ஒருவர் எழுந்து, “அந்த இரவல் புத்தகத்துக்கு என்ன ஆச்சு?” என்றார். வேறு ஏதோ பேச்சில் வாய்தவறி அதைச் சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. அப்புறம் அதற்கும் பத்து நிமிடம் போனது.