ஜே பேஸ் என்று 38,500 ரூபாய் வாங்கிக்கொண்டு போலியை அனுப்பிவிட்டான்: கச்சேரிக்காரர்கள் கவனத்துக்கு

நேற்று இரவு பத்தரை மணிக்கு அந்த விளம்பரம் மறுபடியும் என் போனில் வந்தது. அதே படம். சிவப்பு சோஃபாவில் சாய்த்து வைத்த அதே சன்பர்ஸ்ட் (நடுவில் வெளுத்து ஓரம் கறுக்கும் நிறம்) ஜாஸ் பேஸ் கிட்டார், சுருக்கமாக ஜே பேஸ். விற்பவர் பெயர் மட்டும் வேறு, விலை 36,000. ஒன்பது நாளுக்கு முன்னால் இதே படத்தைக் காட்டித்தான் என்னிடம் 38,500 ரூபாய் வாங்கினான். அந்தப் படத்தில் இருக்கும் பேஸ் என் வீட்டுக்கு வரவே இல்லை. வந்தது வேறு. அடுத்த ஆளுக்கு வலை விரித்துவிட்டான் என்று தெரிந்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். நெல்லை, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கம் பேஸ் வாசிக்கிற தம்பிகள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

எனக்குப் பகலில் பேட்டையில் மோட்டார் ரீவைண்டிங் வேலை. சாயங்காலமானால் மெல்லிசைக் குழுவில் பேஸ். பதினொரு வருடமாக வாசிக்கிறேன். பங்குனி, சித்திரை, ஆடி என்று கோயில் கொடை விழா நடக்கிற மாதங்களில் வாரத்துக்கு மூன்று கச்சேரி கூட வரும், மற்ற நாளில் ஒன்றும் இருக்காது. ஒரு கச்சேரிக்கு என் கையில் நிற்பது 1,500 ரூபாய். 38,500 என்றால் எத்தனை ராத்திரி கண் விழித்திருப்பேன் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதில் பாதிக்கு மேல் வீட்டில் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம்.

இத்தனை நாளும் என்னிடம் இருந்தது ஒரு பி வகை பேஸ். பி என்றால் பிரிசிஷன். ஃபெண்டர் என்கிற அமெரிக்க கிட்டார் கம்பெனி 1951இல் கொண்டுவந்த மாடல். நாம் இன்று பார்க்கிற, இரண்டு துண்டாகப் பிரிந்து முன்பின்னாக உட்கார்ந்திருக்கும் பிக்கப் (கம்பியின் அதிர்வைக் கரண்டாக மாற்றி ஆம்புக்கு அனுப்புகிற காந்தமும் காப்பர் சுருளும்) அதற்கு 1957இல்தான் வந்தது. ஒரு துண்டு இரண்டு கம்பிக்கு, இன்னொன்று மற்ற இரண்டுக்கு. இரண்டு துண்டின் காயிலுக்கும், அதாவது காப்பர் சுருளுக்கும், சுற்றும் எதிரெதிர், காந்த முனையும் எதிரெதிர். அதனால் கரண்ட் கம்பியிலிருந்து வரும் உறுமல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், கம்பியின் சத்தம் மட்டும் கூடும். கொடைப் பந்தலில் இது பெரிய விஷயம். ஜெனரேட்டர், சீரியல் லைட், டியூப் லைட் எல்லாம் மேடைக்குப் பக்கத்திலேயே ஓடும். பி பேஸ் அதையெல்லாம் கண்டுகொள்ளாமல் தடித்த சத்தத்தோடு டிரம்ஸுக்கு அடியில் போய் உட்காரும்.

ஆனால் எண்பதுகளின் இளையராஜா பாட்டு வாசிக்கும்போது எனக்கு அது போதவில்லை. அந்தப் பாட்டுகளில் பேஸ் அடியில் கிடக்காது, மேலே ஏறிப் பாடகரோடு பேசிவிட்டு இறங்கி வரும். அந்த ஓட்டத்தில் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். அதற்கு ஜே பேஸ்தான். 1960இல் வந்தது, நெக்கின் தலைப்பக்கம் 38 மில்லிமீட்டர் அகலம், கைக்கு ஒல்லியாக இருக்கும். இரண்டு தனித்தனிப் பிக்கப். முன்னால் இருப்பது உருண்டையான சத்தம், பிரிட்ஜ் பக்கம் இருப்பது கறாரான, மூக்கால் பேசுகிற மாதிரி சத்தம். இரண்டையும் கலக்கும்போது நடுவில் கொஞ்சம் குழிந்து, கீழும் மேலும் தெளிந்து வரும். ஒரு பிக்கப்பை மட்டும் திறந்தால் உறுமும், இரண்டையும் முழுசாகத் திறந்தால் உறுமல் அடங்கும். ஏனென்றால் ஒன்றுக்கொன்று எதிர்ச்சுற்று. மியூசிக் மேன் ஸ்டிங்ரேயும் யோசித்தேன். 1976இல் வந்த மாடல், உள்ளேயே சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கிற ப்ரீஆம்ப், அதற்கு ஒன்பது வோல்ட் பேட்டரி. கச்சேரி நடுவில் பேட்டரி தீர்ந்தால் என்ன செய்வது என்று அதை விட்டுவிட்டேன்.

பழைய பொருள் வாங்கி விற்கிற செயலி ஒன்றில்தான் இந்த ஜே பேஸைப் பார்த்தேன். தொண்ணூறுகளில் ஜப்பானில் செய்த ஃபெண்டர், ஆல்டர் மரம், அல்னிகோ 5 என்கிற உலோகக் கலவைக் காந்தம் வைத்த பிக்கப் என்று போட்டிருந்தான். பெயருக்குப் பக்கத்தில் சரிபார்க்கப்பட்டவர் என்கிற பச்சை டிக். சரி, கேட்டுப் பார்ப்போம் என்று செய்தி அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அவனே கூப்பிட்டான்.

பேச்சு நம்ம ஊர்ப் பேச்சு. “சொல்லுங்க அண்ணாச்சி, நீங்க எந்தப் பக்கம்? பேட்டையா? எங்க அம்மைக்கு ஊரு வள்ளியூர்லா!” என்றான். இப்போது சென்னையில் இருக்கிறானாம், அடுத்த மாதம் சிங்கப்பூர் போகிறானாம், அதனால்தான் விலையைக் குறைத்துக் கொடுக்கிறானாம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிப்பேன் என்றான். பாளையங்கோட்டை ஊசிக் கோபுர சர்ச்சில் சின்னப் பையனாகப் பாட்டுக் குழுவில் நின்றதைச் சொன்னான். நான் அந்தத் தெருவில் வளர்ந்தவன். எனக்கு மனது இளகிவிட்டது.

இருந்தாலும் உடனே பணம் அனுப்பவில்லை. பிக்கப்பைத் தனித்தனியாக வாசித்துக் காட்டச் சொன்னேன். அன்று ராத்திரியே மூன்று நிமிட வீடியோ வந்தது. முன் பிக்கப் மட்டும், பின் பிக்கப் மட்டும், அப்புறம் இரண்டும். ஹெட்போன் போட்டு நாலைந்து தடவை கேட்டேன். பின் பிக்கப்பில் அந்த உறுமல், இரண்டையும் திறந்ததும் கத்தரித்தது போல நின்ற அமைதி, ஏ கம்பியில் ஐந்தாவது ஃப்ரெட்டில் அவன் அடித்த சுரம் நின்ற நீளம். இதைக் கேட்டுத்தான் நான் நம்பினேன். ஒரு பேஸ் ஒழுங்காக இருக்கிறதா என்று காதால் கண்டுபிடிக்க வேறென்ன வேண்டும்? அந்த வீடியோவில் பேஸின் கீழ்க்கொம்பில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல், ஆமையோட்டு நிற பிக்கார்டில் (முன்பக்கம் ஸ்க்ரூ வைத்து முடுக்கிய தகடு) ஒரு ஸ்க்ரூ இல்லை. அதையும் அவனே சொன்னான். “குறையச் சொல்லித்தான் அண்ணாச்சி விக்கணும், நாளைக்கு நீங்க என்னக் கேட்டுறக் கூடாதுலா” என்றான். குறையைத் தானாகச் சொல்கிறவனை எப்படிச் சந்தேகப்படுவது?

செயலி வழியாகக் கட்டுகிறேன் என்றேன். “அவனுவ கமிஷன் பிடிப்பானுவ அண்ணாச்சி, நமக்குள்ள எதுக்கு? நேரா போடுங்க, நா நாளைக்கே லாரி பார்சல்ல ஏத்திருதேன்” என்றான். ராத்திரி 5,000, மறுநாள் காலையில் 33,500. மொத்தம் 38,500 ரூபாய்.

நாலாம் நாள் பார்சல் ஆபீஸில் போய் எடுத்தேன். வீட்டில் பிரித்ததும் முதலில் கீழ்க்கொம்பைத்தான் பார்த்தேன். கீறல் இல்லை. பிக்கார்டில் எல்லா ஸ்க்ரூவும் புதுசாக மின்னின. வயிறு கலங்கிவிட்டது. ஆம்பில் மாட்டினேன். முன் பிக்கப்பில் தட்டையாக ஒரு சத்தம், பின் பிக்கப்பைத் திறந்தால் கர்ர்ர் என்று உறுமல் மட்டும். இரண்டையும் முழுசாகத் திறந்தால் உறுமல் குறையவே இல்லை. தலையில் இருந்த ஃபெண்டர் எழுத்தை நகத்தால் லேசாகக் கீறினேன், ஓரம் எழும்பி வந்தது. ஸ்டிக்கர்.

மறுநாள் கடைக்கு எடுத்துப் போய் என் மேஜையில் வைத்துப் பிரித்தேன். பிக்கப் குழியின் உள்சுவரில் பெயின்ட் ஏறாத இடத்தில் பிளைவுட் அடுக்கு ஒன்றன் மேல் ஒன்றாகத் தெரிந்தது. பிக்கப்பைத் திருப்பினேன். அல்னிகோ பிக்கப் என்றால் கம்பிக்கு அடியில் நிற்கிற குச்சிகளே காந்தமாக இருக்கும். இதில் குச்சி வெறும் இரும்பு. அடியில் ஒரு கறுப்பு செராமிக் காந்தக் கட்டையைப் பசை வைத்து ஒட்டியிருந்தான், பசை பிதுங்கி ஒழுகி மஞ்சளாக இறுகியிருந்தது. ஒயரைக் கழற்றி மீட்டர் வைத்தேன். ஜே பிக்கப் சாதாரணமாக 7, 8 கிலோ ஓம் காட்டும். முன்னால் இருந்தது 5.2. பின்னால் இருந்ததில் கன்டினியுட்டியே இல்லை, காயில் உள்ளே அறுந்து கிடக்கிறது. தினமும் காப்பர் சுற்றுகிறவன் நான். தலைமுடியை விட மெல்லிசான அந்தக் கம்பியை லென்ஸ் வைத்துப் பார்த்தேன், முனை பச்சை பிடித்திருந்தது. இன்று நேற்று அறுந்ததில்லை. அனுப்புவதற்கு முன்பே செத்த காயில் அது.

உடனே அவனைக் கூப்பிட்டேன். “பார்சல்ல குலுங்கியிருக்கும் அண்ணாச்சி, ஒயர் விட்டுருக்கும், அங்கன குடுத்தா எரநூறு ரூவாய்க்குப் பத்தவச்சுருவானுவ” என்றான். கீறல் எங்கே போனது என்று கேட்டேன். லைன் கட். பிரித்த பிக்கப்பின் படங்களை அனுப்பினேன். பார்த்துவிட்டான், பதில் இல்லை. மறுநாள் ஒரே வரி வந்தது: “சார், விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது.” அதுவரை அண்ணாச்சி, அன்றைக்கு சார். அதன் பிறகு என் நம்பரை பிளாக் செய்துவிட்டான்.

செயலியின் வாடிக்கையாளர் சேவை இன்னொரு கொடுமை. முதல் நாள் எந்திரம்தான் பதில் சொன்னது, உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று. இரண்டாம் நாள் ஒரு பெண் பேசினார். நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும், “சார், பேட்டரி மாத்திப் பார்த்தீங்களா?” என்று கேட்டார். அம்மா, இதில் பேட்டரியே கிடையாது, இது பாஸிவ் பேஸ் என்றேன். “ஓகே சார், புதுப் பேட்டரி போட்டுட்டு 24 மணி நேரம் கழிச்சு மறுபடியும் தொடர்பு கொள்ளுங்க” என்றார். மூன்றாம் நாள் வேறொருவர், பணத்தைச் செயலிக்கு வெளியே கட்டியதால் அது உங்களுக்கும் விற்றவருக்கும் உள்ள விவகாரம் என்றார். அப்படியானால் அந்தப் பச்சை டிக் யார் கொடுத்தது, எதைச் சரிபார்த்துக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். குறித்துக்கொள்கிறோம் என்றார். அன்று மாலையே என் புகார் “தீர்க்கப்பட்டது” என்று மூடப்பட்டு, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டு ஒரு செய்தி. 38,500 ரூபாய் போனவனிடம் நட்சத்திரம் கேட்கிறார்கள்!

நேற்று அதே படத்தை இன்னொரு பெயரில் பார்த்ததும் அந்த விளம்பரத்தையும் புகார் செய்தேன். இதை எழுதும் வரைக்கும் அது அப்படியேதான் இருக்கிறது.

இணையப் பண மோசடிக்கான 1930 எண்ணில் சொல்லிப் புகார் எண் வாங்கியிருக்கிறேன். நான் செய்த தப்பு, அவன் மாற்றித் தருவான் என்று நம்பி நாட்களைக் கடத்தியது. பணம் போனது தெரிந்த அந்த மணி நேரமே கூப்பிடுங்கள். பொருள் பற்றிய புகாருக்கு நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

வாங்கும்போது பார்க்க வேண்டியதை விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். வேன் வந்து நிற்கிறது, இன்றைக்குக் களக்காடு பக்கம் கொடை. அவசரத்துக்கு இவ்வளவுதான்: அனுப்புகிற வீடியோவை நம்பாதீர்கள், நேரலையில் உங்கள் பெயரைத் தாளில் எழுதிப் பேஸ் மேல் வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். பிக்கார்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். செயலிக்கு வெளியே ஒரு ரூபாய் கூடக் கட்டாதீர்கள். முடிந்தால் நேரில் போங்கள், கையில் ஒரு மல்டிமீட்டரோடு.

அப்புறம், சிவப்பு சோஃபாவில் சாய்த்த சன்பர்ஸ்ட் ஜே பேஸ், கீழ்க்கொம்பில் விரல் நீளக் கீறல், பிக்கார்டில் ஒரு ஸ்க்ரூ இல்லை. இந்தப் படம் எந்தப் பெயரில், எந்த விலையில் வந்தாலும் பணம் போடாதீர்கள். பார்த்தால் கீழே எனக்குச் சொல்லுங்கள், என் புகாரோடு சேர்க்க வேண்டும்.