மின்னஞ்சலை சுவிஸுக்கு மாற்றி நான்கு வருடம்

அப்பாவைக் கூட்டிக்கொண்டு கோவைக்குப் போக விமான டிக்கெட் எடுத்திருந்தேன். ஜிமெயிலுக்கு டிக்கெட் வந்த மின்னஞ்சலை நான் திறக்கும் முன்பே போன் காலண்டரில் தேதி, நேரம், விமான எண் எல்லாம் ஏறி உட்கார்ந்திருந்தன. வசதிதான், மறுக்கவில்லை. ஆனாலும் எனக்கு வந்த கடிதத்தை எனக்கு முன்னால் இன்னொருவர் பிரித்துப் பார்த்த மாதிரி ஒரு நெருடல்.

என் கடிதம் மட்டும் என்றால் விட்டிருப்பேன். நான் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து கொடுக்கிறவன். ஜூன், ஜூலை வந்தால் என் இன்பாக்ஸ் முழுக்க அடுத்தவர்களின் ஃபார்ம் 16, பான் அட்டை, வங்கி ஸ்டேட்மென்ட். 2021 டிசம்பரில் ஜிமெயிலை விட்டு வேறு சேவைக்கு மாறுவது என்று முடிவெடுத்தேன்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். விளம்பரத்துக்காகக் கடிதங்களை அலசுவதை நிறுத்துவதாக ஜிமெயில் 2017-லேயே அறிவித்துவிட்டது. ஆகவே 'எல்லாவற்றையும் படித்து விளம்பரம் போடுகிறார்கள்' என்பது பழைய கதை. என் பிரச்சினை, பூட்டும் அவர்களுடையது, சாவியும் அவர்களிடமே என்பதுதான்.

நான்கைந்து சேவைகளைப் பார்த்தேன். பெர்லினின் போஸ்டியோ மாதம் 1 யூரோதான், ஆனால் சொந்த டொமைன் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் நமக்கே உரிய பெயர்) வைத்துக்கொள்ள முடியாது. ஹனோவரிலிருந்து வரும் டூடா (அப்போது டூடநோட்டா) தலைப்பு வரியைக்கூடக் குறியாக்கம் செய்கிறது, அதாவது வெளியார் படிக்க முடியாதபடி பூட்டுகிறது. ஆனால் மற்ற மென்பொருள்கள் கடிதங்களை எடுக்க உதவும் ஐமேப் வசதி இல்லாததால், கணினியில் மின்னஞ்சல் படிக்கும் தண்டர்பேர்டு மென்பொருளில் சேர்க்க முடியாது. எனக்குத் தண்டர்பேர்டு இல்லாமல் ஒரு நாள் ஓடாது. நம்மூர் ஜோஹோவை விட மனமே இல்லை. விளம்பரம் கிடையாது, வேகம், தம்பி கடைக்கு அதைத்தான் போட்டுக் கொடுத்தேன். ஆனால் அங்கேயும் சாவி சேவையகத்தின் பக்கம்தான். கடைசியில் புரோட்டான் மெயில். ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் பழகியவர்கள் சேர்ந்து 2014-இல் வெளியிட்டது. பணம் கட்டினால் 'பிரிட்ஜ்' என்ற சின்ன மென்பொருள் கிடைக்கும். அது நம் கணினியிலேயே பூட்டைத் திறந்து தண்டர்பேர்டுக்குக் கடிதத்தைக் கொடுக்கும்.

அதோடு ஒரு டொமைனும் வாங்கினேன். வருடத்துக்கு ஆயிரம் ரூபாய்க்குள்தான். அப்போது ஏதோ அலங்காரம் என்று நினைத்தேன்.

மாற்றும் வேலை மூன்று மாதம் இழுத்தது. பழைய கடிதங்களை இறக்குமதி செய்தது ஒரே ராத்திரியில் முடிந்துவிட்டது. முகவரியை மாற்றுவதில்தான் ஆள் பாதியாகிவிட்டேன். ஒரு வங்கி கிளைக்கே வரச் சொன்னது. கவுன்டரில் இருந்த பெண்ணிடம் முகவரியை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். எல்லாம் எழுதிவிட்டு, "கடைசியில ஜிமெயில் டாட் காம் தானே சார்?" என்றார். இல்லை என்றேன். "அப்போ யாஹூவா?" என்று கேட்டார். இன்றுவரை போனில் முகவரி சொல்லும்போதெல்லாம் இதே நாடகம்தான்.

2024 பிப்ரவரியில் சென்னையில் பல தனியார் பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் போனது நினைவிருக்கும். அதைத் தொடர்ந்து தமிழகக் காவல்துறை கேட்டுக்கொண்டதால் புரோட்டானை இந்தியாவில் தடை செய்யப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. காபி ஆறிப் போவது தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். வாடிக்கையாளர் கோப்புகள் எல்லாம் அதற்குள். அன்று ராத்திரியே பிரிட்ஜ் வழியாக எல்லாவற்றையும் கணினியில் இறக்கினேன். அப்போதுதான் டொமைனின் அருமை புரிந்தது. நாளைக்கே அந்த இணையதளம் திறக்காமல் போனாலும் டொமைன் அமைப்பில் எம்.எக்ஸ். பதிவை (கடிதம் எந்தச் சேவைக்குப் போக வேண்டும் என்று சொல்லும் வரி) மாற்றி வேறு சேவையைக் காட்டினால் போதும், புதுக் கடிதங்கள் அதே முகவரிக்கு அங்கே வந்து விழும். ஒரு வங்கிக்கும் மறுபடி நடக்க வேண்டாம். சுவிஸ் அரசு தலையிட்ட பிறகு அந்தத் தடை நடைமுறைக்கு வரவில்லை. அடுத்த வருடம் ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் வேறொரு வழக்கில் புரோட்டானைத் தடுக்க நடவடிக்கை எடுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டபோது, காபியைச் சூடாகவே குடித்தேன்.

டொமைனுக்கும் ஒரு வலி உண்டு, அது முழுக்க என் தப்பு. கார்டு காலாவதியானதைக் கவனிக்கவில்லை, புதுப்பிக்கும் பணம் போகவில்லை. ஜூலை கடைசி வாரம், கெடு நெருங்கும் நேரத்தில், இரண்டு நாள் எனக்கு வந்த கடிதமெல்லாம் திரும்பிப் போனது. இப்போது ஒரேயடியாக ஐந்து வருடத்துக்குக் கட்டி வைத்திருக்கிறேன்.

சரி, அந்தரங்கம் உண்மையில் எவ்வளவு? நினைத்ததைவிடக் குறைவு. என் வாடிக்கையாளர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஜிமெயில்காரர்கள். அவர்கள் அனுப்புவது என் பெட்டிக்குள் பூட்டப்படும், அவர்களின் 'சென்ட்' பெட்டியில் அப்படியே கிடக்கும். புரோட்டானில் தலைப்பு வரி முழுக் குறியாக்கத்துக்குள் வராது. அதனால் தலைப்பில் பான் எண் எழுதாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். 2021-இல் சுவிஸ் அதிகாரிகளின் உத்தரவுப்படி பிரான்ஸைச் சேர்ந்த ஒரு செயற்பாட்டாளரின் ஐபி முகவரியை (இணைய இணைப்பின் அடையாள எண்) புரோட்டான் கொடுக்க வேண்டியிருந்தது. கடிதத்தின் உள்ளடக்கம் அவர்களாலேயே திறக்க முடியாததால் போகவில்லை. சட்டத்திலிருந்து ஒளிந்துகொள்ள இது இடமில்லை.

வெளியாட்களுக்குப் பாஸ்வேர்டு போட்டு அனுப்பும் வசதியை ஒரு சீசன் முழுக்க முயன்றேன். "சார், ஏதோ லிங்க் வந்திருக்கு, தொடலாமா?" என்று நாளுக்கு நாலு போன். தெரியாத லிங்கைத் தொடாதீர்கள் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். விட்டுவிட்டேன்.

மனைவிக்கும் ஒரு கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தேன். பாஸ்வேர்டு மறந்து, மாற்றி, உள்ளே போனால் பழைய கடிதங்கள் எதுவும் படிக்கும்படி இல்லை. சாவி நம்மிடம் இருப்பதன் மறுபக்கம் அதுதான், தொலைத்தால் தொலைத்ததுதான். நல்லவேளை, கணக்கு தொடங்கியபோது கொடுத்த 12 ஆங்கில வார்த்தைகளை ஒரு தாளில் எழுதி பீரோவில் நகைச் சீட்டு அட்டைக்குள் வைத்திருந்தேன். ஒவ்வொரு வார்த்தையாகத் தட்டிய பிறகு எல்லாம் திரும்பி வந்தன.

நான் எதிர்பார்க்காத லாபம் ஒன்று. சொந்த டொமைன் என்பதால் ஒவ்வொரு கடைக்கும் தனித்தனியாக ஒரு முகவரி வைத்துக்கொள்கிறேன். ஒரு நகைக்கடையில் மட்டும் கொடுத்த முகவரிக்கு ஆறாவது மாதமே பெர்சனல் லோன் விளம்பரம் வர ஆரம்பித்தது. யார் கைமாற்றியது என்று துப்பறிய வேண்டியதில்லை. அந்த முகவரியை மூடினேன், முடிந்தது.

பழைய கணக்கை இன்னும் ஒழிக்கவில்லை. மாதம் ஒருமுறை எட்டிப் பார்க்கிறேன். காஸ் சிலிண்டர் ரசீது மட்டும், எத்தனை முறை மாற்றிக் கொடுத்தாலும், இன்னும் அங்கேதான் போகிறது.