பழைய வேக்குவம் பம்ப்: ஊசியை நம்பி வாங்காதீர்கள்

ஏசி குழாய்களிலிருந்து காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுக்கும் வேலைக்குப் பழைய டூ ஸ்டேஜ் (இரண்டு கட்டமாக இழுக்கும்) பம்ப் ஒன்று பார்த்து வைத்திருக்கும் நண்பர், மைக்ரான் கேஜ் (ஆழமான வேக்குவத்தைத் துல்லியமாக அளக்கும் மீட்டர்) இல்லாமல் எப்படிச் சோதிப்பது என்று கேட்டார். நானும் செகண்ட் ஹேண்டில் வாங்கியதைத்தான் சில வருடமாக ஓட்டுகிறேன்.

விற்பவர் மேனிஃபோல்டை (ஏசிக்காரர்களின் டயல் கேஜ் செட்) மாட்டி, ஊசி 30-ஐ, அதாவது பாதரச இஞ்ச் கணக்கில் முழு வேக்குவத்தை, தொட்டதைக் காட்டுவார். மயங்க வேண்டாம். மைக்ரான் என்பது உள்ளே மிச்சமிருக்கும் அழுத்தத்தின் அளவு, குறையக் குறைய நல்லது. 1,000 மைக்ரானுக்கும் 10,000 மைக்ரானுக்கும் அந்த டயலில் அரை இஞ்ச் வித்தியாசம்கூட இல்லை. நமக்கு வேண்டியதோ 500 மைக்ரான். (ஊட்டியில் சோதித்தால் நல்ல பம்பே 23 பக்கம் நின்றுவிடும், அங்கே காற்றழுத்தமே அவ்வளவுதான்.) வால்வை மூடிவிட்டு ஊசி நிற்கிறதா என்று பார்த்தால் ஹோஸின் யோக்கியதை தெரியும், பம்பினுடையது தெரியாது.

முதலில் ஆயிலைப் பாருங்கள். பால் காபி நிறமென்றால் தண்ணீர் கலந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு எந்தப் பம்பும் ஆழமாக இழுக்காது. புது ஆயில் ஊற்றி, சூடேறும்வரை ஓடவிட்டு, கேஸ் பேலஸ்ட்டை (ஆவி ஆயிலில் தங்காமலிருக்கப் பம்புக்குள் கொஞ்சம் காற்று விடும் வால்வு) மூடி, இன்லெட்டை அதன் பித்தளை மூடியால் அடைத்துவிட்டுக் காதைக் கொடுங்கள். களகளப்பு அடங்கி, 'டக் டக்' என்று வறண்ட தட்டலாக மாற வேண்டும். பேலஸ்ட்டைத் திறந்தால் தட்டல் தணியும். மூடியிருக்கும்போது எக்ஸாஸ்ட்டில் ஒரு பாலித்தீன் பையைத் தளர்வாகப் பிடியுங்கள். பை உப்பிக்கொண்டே போனால் எங்கோ காற்று உள்ளே வருகிறது.

தண்ணீர் கொதித்தால் பம்ப் பாஸ் என்பார்கள். 30 டிகிரி தண்ணீர் 32,000 மைக்ரான் பக்கமே கொதித்துவிடும். தேய்ந்த பம்பும் அதைச் செய்யும். சில துளிகள் கொதித்து உறைந்தால்தான் 4,600-க்குக் கீழே போயிருக்கிறது. அதுவும் 500 ஆகிவிடாது. தடித்த வேக்குவம் ஜாடியில் மட்டும் செய்யுங்கள், சாதா பாட்டில் உள்நோக்கி நொறுங்கும். ஆவி ஆயிலில் கலக்கும் என்பதால் பேலஸ்ட்டைத் திறந்து வைத்து, முடிந்ததும் ஆயிலை மாற்றிவிடுங்கள்.

என் பம்ப் இதையெல்லாம் தாண்டியது. பனிக்கட்டியை முதன்முதலில் பார்த்தபோது வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அதிர்வில்லை, ஷாஃப்ட் சீலில் கசிவில்லை.

ஆனால் ஆயிலை வடிக்கும் அந்த டிரெயின் போல்ட்! நேராகப் பம்பின் காலுக்கு மேலே வைத்திருக்கிறான். திறந்தால் ஆயில் கால் வழியாக ஓடி, பேஸ் பிளேட்டை நனைத்து, அப்புறம்தான் ட்ரேயில் விழும். ஈரமான சிஸ்டம் ஒன்றை இழுத்தாலே ஆயில் மாற்ற வேண்டும், அதாவது இந்தக் கூத்து ஓயாது. செங்கல் வைத்துச் சாய்த்துப் பார்த்தாயிற்று, அட்டையை மடித்துத் திணித்தாயிற்று. நியாயமாகச் சொன்னால், போல்ட்டுக்காக நல்ல பம்பைத் திட்டக் கூடாது. ஆனால் அதை வரைந்தவன் ஒருநாளாவது ஆயில் மாற்றியிருப்பானா?

இவ்வளவு புகழ்ந்த பிறகும், இதே மாடல் பாதி விலைக்கு வந்தாலும் இன்னொன்று வாங்க மாட்டேன். நண்பர் தான் பார்த்த பம்பை விட்டுவிட்டு என்னுடையதையே கொண்டுபோகலாம். விலை மட்டும் குறைக்க மாட்டேன், எடுத்துப்போகும் முன் ஆயிலையும் அவரே மாற்றிக்கொள்ளட்டும்.