வெள்ளை இங்க் வாங்குபவர்களுக்கு: முதல் டப்பாவை மட்டும் டெஸ்ட் செய்துவிட்டு நம்பாதீர்கள்

திருப்பூரில் துணியில் பிரிண்ட் அடிக்கும் சின்ன யூனிட் ஒன்று வைத்திருக்கிறேன். இரண்டு டேபிள், அடித்த இங்க்கைச் சூட்டில் இறுக வைக்கும் க்யூரிங் மெஷின் ஒன்று, ஆறு பேர். போன மாதம் வெள்ளை இங்க்கில் வசமாக ஏமாந்தேன். கடையின் பெயரைப் போடப்போவதில்லை, அதைக் கேட்டு யாரும் போன் செய்ய வேண்டாம். எப்படி ஏமாந்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஆர்டர், கபடி ஜெர்சி. மெரூன் பாலியஸ்டர், 600 பீஸ். முன்னால் ஊர்ப் பெயர், முதுகில் பெரிய நம்பர், எல்லாமே வெள்ளை. மெரூன் பாலியஸ்டர் என்றாலே பிரிண்டருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். அந்தத் துணிக்கு ஏற்றியிருப்பது டிஸ்பர்ஸ் சாயம். க்யூரிங்கில் சூடு ஏற ஏற அது ஆவியாகி மேலே கிளம்பி, நாங்கள் அடிக்கும் பிளாஸ்டிசால் இங்க்கில் இருக்கும் எண்ணெய்க்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மெஷினை விட்டு வெளியே வரும்போது பளிச்சென்று வெள்ளையாகத்தான் இருக்கும். இரண்டு நாள் கழித்துத்தான் ரோஸ் அடிக்கும். சில சமயம் பார்சல் போய்ச் சேர்ந்த பிறகு.

அதனால் நான் டெஸ்ட் பண்ணாமல் இறங்கவில்லை. மூன்று கம்பெனிகளின் லோ பிளீட் ஒயிட்டை, அதாவது துணிச் சாயம் சீக்கிரம் ஏறாத வெள்ளை இங்க்கை, ஒவ்வொரு கிலோ வாங்கி, அதே துணியின் வெட்டுத்துண்டில் அடித்தேன். ஒன்று துணியின் நிறத்தை நன்றாக மூடியது, ஆனால் இழுத்துப் பார்த்தால் விரிசல் விட்டது. இன்னொன்று மூன்றாம் நாளே ரோஸ். மூன்றாவது எல்லாவற்றிலும் தேறியது. ஐந்து தடவை துவைத்தும், சூட்டோடு அடுக்கி பாலிதீன் கவரில் கட்டி தகரக் கூரைக்குக் கீழே ஒரு வாரம் போட்டும் பார்த்தேன், நிறம் மாறவில்லை. சரி, இதுதான் என்று முடிவு செய்தேன். அந்த சாம்பிளில் மீதி இருந்ததை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்தேன். பழக்கதோஷம். பின்னால் என்னைக் காப்பாற்றியது அதுதான்.

தப்பு நடந்தது அடுத்த இடத்தில். சாம்பிள் ஒரு டீலரிடம் வாங்கியது. வேறொரு கடைக்காரர் அதே இங்க், அதே டப்பா, கிலோவுக்கு 90 ரூபாய் குறைவாகத் தருகிறேன் என்றார். "பில்லு வேண்டாம்னா போட்டுக் குடுத்தர்றனுங் தம்பி, சரக்கு அதேதானுங்" என்றார். 5 கிலோ டப்பா நான்கு எடுத்தேன். ஆசைதான், வேறென்ன சொல்ல.

முதல் டப்பாவை உடைத்து அடித்துப் பார்த்தேன். அச்சு அசலாக சாம்பிள் மாதிரியே இருந்தது. வேலையை ஆரம்பித்துவிட்டோம். அதில் கிட்டத்தட்ட 190 பீஸ் ஓடியது. இரண்டாவது டப்பா திறந்ததும் டேபிளில் இருந்த பையன், "அண்ணா, இந்த டப்பா இழுக்கறதுக்கு நல்லா லேசா இருக்கு" என்றான். எனக்கு அப்போதே பொறி தட்டியிருக்க வேண்டும். பிரேமில் தேய்த்து இழுக்கும்போது லோ பிளீட் வெள்ளை லேசாகப் போனால் சந்தோஷப்படக் கூடாது, சந்தேகப்பட வேண்டும். வெயிலுக்கு இளகியிருக்கும் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

ஐந்தாம் நாள் வாட்ஸ்அப்பில் போட்டோ வந்தது. முதுகு நம்பரெல்லாம் ரோஸ்மில்க். ஆர்டர் கொடுத்த பார்ட்டி 412 பீஸை ரிஜெக்ட் செய்து, துணி விலையோடு சேர்த்து என் கணக்கில் டெபிட் போட்டுவிட்டார்கள்.

கடைக்காரரிடம் போனேன். எல்லாரும் சொல்லும் அதே பதில்: "சூடு சாஸ்தியா வெச்சிருப்பீங்க தம்பி." ஆனால் நான் ஒவ்வொரு ஷிப்ட்டிலும் டெம்பரேச்சர் ஸ்ட்ரிப்பைத் துணியில் ஒட்டி பெல்ட்டில் விட்டு, வெளியே வந்ததும் ஜாப் கார்டில் ஒட்டிவைப்பேன். டப்பாவில் போட்டிருந்தது 140 டிகிரி. ஸ்ட்ரிப் 143-ஐத் தாண்டவில்லை. அதைக் காட்டியதும் பேச்சு துணியின் பக்கம் திரும்பியது. "மட்டமான டையிங்குங்."

அன்று ராத்திரி ஒரே மெரூன் துண்டில் பக்கத்தில் பக்கத்தில் மூன்று கட்டம் அடித்தேன். ஒன்று ஹார்லிக்ஸ் பாட்டில், ஒன்று முதல் டப்பாவின் அடியில் வழித்தது, ஒன்று மூன்றாவது டப்பா. ஒரே துணி, ஒரே பிரேம், ஒரே சூடு. கரண்டியில் எடுக்கும்போதே வித்தியாசம் தெரிந்தது. முதல் இரண்டும் வெண்ணெய் மாதிரி நின்றன, மூன்றாவது தோசை மாவு மாதிரி ஒழுகியது. கறுப்புக் காட்டன் துண்டிலும் அடித்தேன். மூன்றாவது கட்டம் மட்டும் சாம்பல் பூத்து, அடியில் கறுப்பு தெரிந்தது. மெரூனில் நான்காம் நாள் அந்த ஒரு கட்டம்தான் ரோஸ். அப்புறம் டப்பாக்களை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் டப்பாவின் மூடி விளிம்பு சுத்தமாக இருந்தது. மற்ற மூன்றிலும் சீலுக்கு உள்பக்கம் பழைய இங்க் ஒட்டியிருந்தது. காலி டப்பாவில் வேறு எதையோ ஊற்றி மூடியிருக்கிறார்கள்.

உள்ளே என்ன என்று நான் லேபுக்கு அனுப்பவில்லை. ஆனால் மூடாத வெள்ளை என்றால் டைட்டானியம் குறைவு, சுண்ணாம்புத் தூள் அதிகம் என்பதுதான் என் சந்தேகம். கோலமாவை எண்ணெயில் குழைத்துப் பாருங்கள், வெள்ளை போய் மங்கிவிடும். சுண்ணாம்புத் தூளும் அப்படித்தான். எண்ணெயில் நனைந்தும் வெள்ளையாக மூடி நிற்பது டைட்டானியம் டை ஆக்சைடுதான்.

பில் இல்லாததால் எங்கேயும் புகார் கொடுக்க முடியவில்லை. இங்க் கம்பெனிக்குப் போன் போட்டேன், பேட்ச் நம்பரும் பில்லும் கேட்டார்கள். நான்கு டப்பாவிலும் ஒரே பேட்ச் நம்பர், அதுவும் நகலெடுத்த ஸ்டிக்கர். பில் எங்கே இருக்கிறது?

இப்போது எந்த டப்பாவைத் திறந்தாலும் முதல் வேலை, கறுப்புத் துண்டில் பாட்டில் சாம்பிளுக்குப் பக்கத்தில் ஒரு இழுப்பு. இரண்டு நிமிட வேலைதான். பாலியஸ்டர் ஆர்டர் என்றால் ஒரு வாரம் முன்னதாகவே எல்லா டப்பாவையும் உடைத்து, எல்லாவற்றிலிருந்தும் அதே துணியில் அடித்துக் கூரைக்குக் கீழே போட்டுவிடுகிறேன். அவசரம் என்று பார்ட்டி குதித்தால், வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுகிறேன். இதுவரை ஒருவர் போய்விட்டார்.

கடைக்காரர் கடைசியில் நான்காவது டப்பாவை மட்டும் திருப்பி எடுத்துக்கொண்டு பணம் கொடுத்தார். அந்த டப்பா இப்போது யார் டேபிளில் இருக்கிறதோ.