புது ஸ்பீக்கருக்கு 'பர்ன்-இன்' தேவையா? ரொம்ப நாள் கேட்டபின் என் அனுபவம்

வார்ஃபடேல் டயமண்ட் 12.1 ஸ்பீக்கர் ஜோடியை வாங்கும்போது கடையில் அழுத்தமாகச் சொன்னது இதுதான்: "நூறு மணி நேரம் ஓட விடுங்க சார், அப்புறம்தான் சவுண்ட் திறக்கும்." புது ஸ்பீக்கரை இப்படி ஓட்டிப் பழக்குவதுதான் பர்ன்-இன். ஆடியோ ஆர்வலர்களிடம் கேட்டால் அந்தக் கணக்கு ஐம்பதும் ஆகும், இருநூறும் ஆகும். இரண்டு வருடத்துக்கு மேல் தினமும் கேட்டபின் சொல்கிறேன்: இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்தக் கொஞ்சமும் சீக்கிரமே முடிந்துவிடுகிறது.

பேஸ் எனும் கீழ் ஒலியைத் தருவது ஊஃபர். அதன் கூம்பைத் தாங்குவது இரண்டு பாகங்கள். ஒன்று விளிம்பில் இருக்கும் ரப்பர் சரவுண்ட். இன்னொன்று கூம்பை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயிலைச் சுற்றி மடிப்பு மடிப்பாக இருக்கும் ஸ்பைடர். பிசின் ஏற்றி விறைப்பாக்கிய துணி. கூம்பு நன்றாக அசைய ஆரம்பித்ததும் அந்த விறைப்பு சற்றுத் தளரும், ஊஃபர் இயல்பாகவே அதிகம் அதிரும் ஒத்ததிர்வு எண் கொஞ்சம் கீழே இறங்கும். கருவி வைத்தே அளக்கலாம். பெரும்பகுதி முதல் சில மணி நேரத்துக்குள் நடந்துவிடும். ஆனால் ஊஃபர் பெட்டிக்குள் இருக்கும்போது உள்ளே உள்ள காற்றும் ஸ்பிரிங் மாதிரி எதிர்த்துத் தள்ளுகிறது. இது மாதிரிச் சின்னப் பெட்டியில் அந்தக் காற்றின் பங்கு பெரிது. அதனால் ஸ்பைடர் தளர்ந்தது காதுக்கு வந்து சேர்வது குறைவு.

இதைச் சோதிக்க ஒரு ஸ்பீக்கரை மட்டும் சில வாரம் ஓட்டினேன். மற்றதை அட்டைப்பெட்டியிலேயே வைத்திருந்தேன். பிறகு இரண்டையும் ஒரே இடத்தில் மாற்றி மாற்றி வைத்து, அளவு மைக்கும் ஆர்.ஈ.டபிள்யூ என்ற ஒலி அளக்கும் மென்பொருளும் கொண்டு அளந்தேன். நடு ஒலியிலும் மேல் ஒலியிலும் வரைபடக் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. பேஸில் லேசான விலகல். மைக்கை ஒரு சாண் நகர்த்தினால் வரும் மாற்றம் அதைவிடப் பெரிது!

நிஜமான மாற்றம் அறையில்தான் கிடைத்தது. எங்கள் ஹால் பத்தடி அகலம், டைல்ஸ் தரை, வெறும் சுவர். பத்தடிச் சுவர்களுக்கு நடுவே சுமார் 57 ஹெர்ட்ஸில் நிலை அலை உருவாகும், அதாவது ஒலி சுவர்களுக்கிடையே மோதித் திரும்பி அந்த பேஸ் சில இடங்களில் மிகையாகும். ஸ்பீக்கர் சுவரை ஒட்டி இருந்தவரை அந்தப் பகுதி குமுறிக்கொண்டே இருந்தது. மிருதங்கத்தின் பேஸ் பக்கமான தொப்பியில் வரும் கும்கி வெறும் 'தொம்' என்று கேட்டது. பின்சுவரிலிருந்து இரண்டடி முன்னே இழுத்தேன். கை விரலின் அழுத்தத்தோடு நாதம் வளைவது தெளிவாகக் காதில் விழுந்தது. மேல் ஒலி தரும் ட்வீட்டர் காது உயரத்துக்கு வரும்படி ஸ்டாண்ட், முன்னால் தடித்த கம்பளம், ஜன்னலுக்குக் கனமான திரை. இவ்வளவும் ஆனபின் வயலினில் இருந்த கூச்சல் அடங்கியது. கைதட்டினால் எதிரொலிக்கிற அறையில் எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் இது கிடைக்காது.

காதும் பழகுகிறது. புது ஸ்பீக்கர் முதல் வாரம் அந்நியமாகத் தெரியும், பிறகு அதுவே இயல்பாகிவிடும். 'திறந்துவிட்டது' என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல் இதுதான் என்பது என் தீர்மானம். அதனால் ஒரு வேண்டுகோள்: ஒலி பிடிக்கவில்லை என்றால் பர்ன்-இன் கணக்கு முடியட்டும் என்று காத்திருந்து ரிட்டர்ன் கெடுவைத் தவறவிடாதீர்கள். கரகரவென்று உரசும் சத்தம் கேட்டால் அன்றைக்கே மாற்றக் கேளுங்கள். வாய்ஸ் காயில் உரசினால், ஓட்ட ஓட்டச் சரியாகாது.

ஓட்டித்தான் ஆகவேண்டும் என்று மனம் சொன்னால், இரண்டு ஸ்பீக்கரையும் முகத்துக்கு முகம் நெருக்கி வைத்து, ஒன்றின் ப்ளஸ், மைனஸ் வயரை மட்டும் மாற்றி, மோனோவில் மிதமான ஒலியில் பிங்க் நாய்ஸ் (எல்லா ஒலிகளும் கலந்த ஒரே சீரான இரைச்சல்) போடுங்கள். பேஸ் பெரும்பாலும் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும், பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு குறையும். ராத்திரி முழுக்க உச்ச ஒலியில் வைக்க வேண்டாம். வாய்ஸ் காயில் சூடேறிக் கருகலாம்.

கேபிளுக்கு பர்ன்-இன் என்பதை நான் ஏற்கவில்லை. செம்புக் கம்பியில் தளர்வதற்கு ஒன்றுமில்லை. வால்வ் ஆம்ப் ஒவ்வொரு முறையும் சூடாகி நிலைபெற இருபது, முப்பது நிமிடம் கொடுக்கலாம். ரெக்கார்ட் ப்ளேயரில் ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் மட்டும் வேறு ரகம். அதன் ஊசித் தண்டைப் பிடித்திருக்கும் சிறு ரப்பர் ஓட ஓட இளகும். சில வாரம் கேட்டபின் ட்ராக்கிங் எடையை (ஊசி ரெக்கார்டை அழுத்தும் அளவை) இன்னொரு முறை சரிபார்ப்பது நல்லது.