பச்சை வேண்டுமா, வேகம் வேண்டுமா? துத்தநாக ஆக்சைடு செராமிக் ஓர் ஒப்பீடு

காரைக்குடியில் எம்.எஸ்ஸி. இயற்பியல் படிக்கிற பிள்ளைகள் பிராஜெக்ட்டுக்குத் தலைப்புத் தேடினால், துத்தநாக ஆக்சைடு எப்படியும் பேச்சில் வந்துவிடும். பொடி மலிவு, சாதாரண உலையிலேயே செராமிக் வில்லையாகச் சுட்டுவிடலாம். "இதையே கதிர் டிடெக்டராகவும் வச்சுக்கலாமா சார்?" என்பது அடுத்த கேள்வி. கதிர் பட்டதும் மின்னும் பொருள், அந்த ஒளியை அளந்து கதிரைக் கண்டுபிடிப்பது, இதுதான் இங்கே டிடெக்டர். எந்தக் கதிருக்கு என்று நான் திருப்பிக் கேட்பேன்.

காமா என்றால் யோசிக்கவே வேண்டாம். தாலியம் கலந்த சோடியம் அயோடைடுதான். 1948-இல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் ஹாஃப்ஸ்டாட்டர் கொண்டுவந்தது. (நம்மூர் மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரிக்கு அடிக்கல் நாட்டியதும் அதே ஆண்டுதான்.) கதிர் இழக்கும் ஒரு மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்கு ஏறத்தாழ 38,000 ஃபோட்டான் (ஒளித்துகள்) தரும். அயோடினின் அணு எண் 53, துத்தநாகத்துக்கு 30. காமாவைப் பிடித்து நிறுத்துவதில் போட்டியே இல்லை. ஈரம் பட்டால் கெட்டுவிடும் என்பதால் உறைக்குள் அடைத்தே வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆல்பா என்றால் கதை மாறுகிறது. அங்கே பழைய ராஜா வெள்ளி கலந்த துத்தநாக சல்பைடு. வெளிச்சத்தில் அதை அடிக்க முடியாது. ஆனால் அந்த ஒளி அடங்க சுமார் 200 நானோநொடி ஆகும், அதற்குப் பிறகும் வால் நீளும். துகள்கள் சரமாரியாக வந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். துத்தநாக ஆக்சைடு ஒரு நானோநொடிக்குள் முடித்துவிடுகிறது.

முடித்துவிட வேண்டும் என்பதே சரி. ஏனென்றால் ஒரே வில்லையிலிருந்து இரண்டு ஒளி வருகிறது. ஒன்று, 380–390 நானோமீட்டரில் புற ஊதா. எலக்ட்ரானும் துளையும் (எலக்ட்ரான் விட்டுப்போன வெற்றிடம்) எக்ஸிட்டான் என்ற ஜோடியாகப் பிணைந்து சேரும்போது பிறப்பது. அந்தப் பிணைப்பாற்றல் 60 மில்லி எலக்ட்ரான் வோல்ட். அறை வெப்பம் தரும் சுமார் 25 மில்லி எலக்ட்ரான் வோல்ட்டைவிட அதிகம் என்பதால் சூட்டில் சிதறாமல் நிற்கிறது. மற்றொன்று 500 நானோமீட்டரை ஒட்டிய பச்சை. படிகக் குறைகளிலிருந்து வருவது, மைக்ரோநொடிக் கணக்கில் இழுப்பது. ஆக்சிஜன் காலியிடம் என்பார் சிலர், துத்தநாகக் காலியிடம் என்பார் சிலர், செம்பு மாசு என்பாரும் உண்டு. வழக்கு இன்னும் முடியவில்லை.

இந்தப் பச்சை குப்பை இல்லை. பழைய வி.சி.ஆர். முகப்பில் நேரம் காட்டிய பச்சை எண்கள் இதே ஒளிதான். அதற்காகவே ஆக்சிஜனைக் குறைத்து வாட்டுவார்கள். டிடெக்டரில் மட்டும் அது தொல்லை. காலியமோ இண்டியமோ கொஞ்சம் கலந்தால் பச்சை அடங்கி, வேகமான புற ஊதா ஓங்கும். டியூட்டீரியம்–டிரிட்டியம் நியூட்ரான் ஜெனரேட்டர்களில் நியூட்ரானோடு கூடவே பிறக்கும் ஆல்பா வந்த நேரத்தைக் குறிக்கக் காலியம் கலந்த சரக்கு பயன்படுவது இதனால்தான்.

ஒற்றைப் படிகமா, செராமிக்கா? படிகம் அழகு, ஆனால் வெந்நீர் அழுத்தக் கலத்தில் மெதுவாக வளர வேண்டும், விலையும் ஏறும். செராமிக்கைச் சூட்டோடு அழுத்தி வேண்டிய அகலத்தில் எடுக்கலாம். குறை, உள்ளே பால்போல் மங்கல். ஆத்தங்குடிக் கல்லுக்குக் கண்ணாடிமேல் வார்த்த மேல்முகம் பளபளத்தால் போதும். இதற்கு உள்ளேயும் ஒளி புகுந்து வர வேண்டும். அறுகோணப் படிக மணிகள் திசைக்கொன்றாகக் கிடப்பதால் ஒவ்வொரு எல்லையிலும் ஒளி சிதறும். போதாக்குறைக்குத் தன் புற ஊதாவைத் தானே கொஞ்சம் விழுங்கும்.

ஆல்பாவுக்கு இது பெரிய தடையில்லை. பத்து இருபது மைக்ரான் ஆழத்துக்குள்ளேயே அது நின்றுவிடும், மெல்லிய தகடு போதும். அங்கே என் ஓட்டு செராமிக்குக்கே. தடித்த கட்டி கேட்கும் வேலைக்கு வேண்டாம்.

பிராஜெக்ட்டுக்கு நானோநொடியை அளக்கப் போக வேண்டாம், அதற்கான கருவி எல்லா இடத்திலும் கிடைக்காது. காற்றில் சுட்டது, ஹைட்ரஜன் கலந்த வாயுவில் சுட்டது, காலியம் கலந்தது என்று மூன்று வில்லை எடுத்து, ஃபோட்டோலூமினசன்ஸ் (ஒளி பாய்ச்சி ஒளிர வைப்பது) நிறமாலையில் புற ஊதாவுக்கும் பச்சைக்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள்.